மட்டையின் எடையும் பந்தின் வேகமும்

கிரிக்கெட் மட்டையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் தடிமனுக்கும் சட்டம் உண்டு. எடைக்கு மட்டும் இல்லை. நீளம் 96.5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, அகலம் 10.8 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 2017 அக்டோபர் முதல் முதுகுப்பக்கத் தடிமன் 6.7 செ.மீ., விளிம்பு 4 செ.மீ. என்று எல்லை கட்டிவிட்டார்கள். அகல விதிதான் இவற்றில் பழையது. 1771இல் இங்கிலாந்தில் தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்புகளை முழுக்க மறைக்கும் அளவு அகலமான மட்டையோடு ஆட வந்ததால் பிறந்த விதி அது. எடையைப் பற்றி மட்டும் இந்த இரண்டரை நூற்றாண்டில் யாரும் கட்டளை போடவில்லை, போடத் தேவையும் எழவில்லை. மிதமிஞ்சிய எடை அதைத் தூக்குகிறவரையே தண்டித்துவிடும்.

எனவே எடை என்பது ஆடுபவரின் சொந்தத் தீர்மானம். டான் பிராட்மேனின் மட்டை ஒரு கிலோவை ஒட்டியது. சச்சின் டெண்டுல்கர் வைத்திருந்தது ஏறத்தாழ 1,400 கிராம். இருவரும் எல்லா வகைப் பந்துவீச்சையும் அடித்து ஓட்டங்கள் குவித்தவர்கள். இன்று பெரியவர்களுக்கான மட்டைகளில் பெரும்பாலானவை 1,130 முதல் 1,250 கிராமுக்குள் அடங்கும். கடைக்காரர்கள் இன்னும் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில்தான் பேசுவார்கள். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். 2 பவுண்டு 8 அவுன்ஸ் என்றால் 1,134 கிராம், 2 பவுண்டு 12 அவுன்ஸ் என்றால் 1,247 கிராம்.

ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூரில் (போடியில்) ஒரு மட்டையைத் துல்லியமாக நிறுத்துப் பார்ப்பது எளிது. ஏலக்காய் வணிகம் நடக்கும் ஊர் என்பதால் கிராம் சுத்தமாகக் காட்டும் மின்னணுத் தராசுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தராசு சொல்வது பாதி உண்மைதான். மட்டையாளரின் மணிக்கட்டு உணர்வது மொத்த எடையை அல்ல, அந்த எடை பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதை. மண்வெட்டியின் காம்பை நுனியில் பிடித்துத் தூக்குவதும் இலைக்கு அருகில் பிடித்துத் தூக்குவதும் ஒன்றல்ல. கிரிக்கெட்காரர்கள் இதைப் ‘பிக்-அப்’ என்பார்கள்.

இதையும் அளந்து பார்க்கலாம். மட்டையைக் கிடையாக ஒரு விரல்மேலோ அளவுகோலின் விளிம்பிலோ வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, பிடியின் மேல் நுனியிலிருந்து அந்த இடம் வரையுள்ள தூரத்தை எடையால் பெருக்கினால் போதும். 1,150 கிராம் மட்டை 54 செ.மீ.யில் சமநிலை கொண்டால் பெருக்குத்தொகை 62,100. 1,200 கிராம் மட்டை 50 செ.மீ.யில் சமநிலை கொண்டால் 60,000. தராசில் 50 கிராம் கூடுதலாக இருந்தும் கையில் இரண்டாவதுதான் லேசாக எழும். பிடியில் இன்னொரு ரப்பர் உறை ஏற்றினால் மட்டை ‘குறைந்ததாக’ ஆட்டக்காரர்கள் சொல்வதும் உண்டு. எடை உண்மையில் கூடியிருக்கிறது, சமநிலைப் புள்ளி கையை நோக்கி நகர்ந்திருக்கிறது.

கனமான மட்டை பந்தை அதிக தூரம் அனுப்பும் என்பது பரவலான நம்பிக்கை. அது எவ்வளவு சரி என்று பார்க்க, மோதலின் கணக்கு கொஞ்சம் தேவைப்படுகிறது. மட்டையின் நல்ல இடத்தில், ஆட்டக்காரர் வழக்கில் ‘மிடில்’லில், பட்ட பந்து தான் வந்த வேகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கையே திருப்பிக் கொண்டுபோகிறது. மட்டையின் வேகமோ முழுசாகச் சேர்ந்து, மேலும் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கிறது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் கிளம்பிய பந்து காற்றையும் தரையையும் உரசி மட்டையை அடையும்போது 110 ஆகக் குறைந்திருக்கிறது என்று கொள்வோம். மட்டை 80 கி.மீ. வேகத்தில் வந்தால், பந்தின் பங்கு 22, மட்டையின் பங்கு 96, மொத்தம் 118. அதே வீச்சில் 60 கி.மீ. வேகத்தில் வந்து சேரும் சுழற்பந்தை அடித்தால் 12ம் 96ம் சேர்ந்து 108. ‘வேகப்பந்தைத் தொட்டாலே பறக்கும், சுழலுக்குத்தான் பலம் வேண்டும்’ என்று சொல்லப்படும் அளவுக்கு வித்தியாசம் பெரிதில்லை. முழுவீச்சில் அடிக்கும்போது இரண்டிலும் பெரும்பகுதி வேலையைச் செய்வது மட்டையின் வேகம்தான்.

இப்போது மட்டையின் எடையைப் பத்து சதவீதம் கூட்டிப் பார்க்கலாம். மோதலில் கிடைக்கும் கூடுதல் லாபம் ஒன்றரை சதவீதத்தை ஒட்டியது. ஆனால் அதே தோள்பலத்தில் வீச்சின் வேகம் இரண்டு மூன்று சதவீதம் குறைகிறது. லாபமும் நட்டமும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நல்ல பலமுள்ளவருக்கு லாபம் கொஞ்சம் மிஞ்சலாம், மெலிந்தவருக்கு நட்டம் மிஞ்சும். ஆக, எடையைத் தேர்வது தூரத்துக்காக என்பதைவிட நேரத்துக்காக என்பதே பொருத்தம். பந்து வந்து சேர்வதற்குள் மட்டையை உரிய இடத்துக்குக் கொண்டுபோக முடிகிறதா என்பதுதான் கேள்வி. பந்துவீச்சின் வகை உள்ளே நுழைவதும் இங்கேதான்.

கிரீஸுக்குக் கிரீஸ் தூரம் 17.7 மீட்டர். மணிக்கு 140 கி.மீ. பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது, 0.45 நொடிதான். 120 கி.மீ. பந்துக்கு 0.53 நொடி. 85 கி.மீ. சுழற்பந்துக்கு 0.75 நொடி. தரையில் பட்டு வேகம் குறைவதால் நடைமுறையில் இவை சற்றுக் கூடும். இந்த நேரத்துக்குள் பந்தைப் பார்த்து, நீளத்தைக் கணித்து, காலை நகர்த்தி, மட்டையை இறக்க வேண்டும். கடைசி வேலைக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம்.

வேகப்பந்துக்கு லேசாக எழும் மட்டை வேண்டும் என்ற பொதுவிதி இதிலிருந்து வருகிறது. நேராக இறங்கும் மட்டைக்குப் புவியீர்ப்பு துணைநிற்கும். புல், ஹூக், கட் போன்ற குறுக்கடிகளுக்கு அந்தத் துணை இல்லை, மட்டையின் பாரம் முழுவதும் முன்கையிலும் மணிக்கட்டிலும் விழும். நெஞ்சுயரத்துக்கு வரும் பந்தைப் புல் அடிக்கக் கனத்த மட்டையைத் தூக்குபவர் பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச் சேருவார், பந்து மேல் விளிம்பில் பட்டுக் கீப்பர் தலைக்குமேல் எழும். ஆனால் எடையைக் காட்டிலும் முக்கியமான இன்னொன்று உண்டு: மட்டையின் நல்ல இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. துள்ளலான ஆடுகளத்தில் பந்து மட்டையின் மேற்பாதியில் படும். அங்கே மரத்தின் சதை குறைவாகவும் அடிமுனையில் அதிகமாகவும் உள்ள மட்டை இரட்டை நட்டம், பிக்-அப்பும் பாரம், படும் இடத்திலும் பலமில்லை. நடுவிலோ சற்று மேலோ சதை வைத்த மட்டையே அங்கு உதவும்.

பொதுவிதிக்கு விலக்கும் உண்டு. 1999 உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர் மிகக் கனமான மட்டையோடு வேகப்பந்து வீச்சாளர்களைத்தான் பிய்த்து எடுத்தார். ஆனால் அவர் இறங்கியது கடைசி ஓவர்களில். அந்நேரத்தில் வரும் பந்துகள் பெரும்பாலும் யார்க்கரை நோக்கிய முழுநீளப் பந்துகள். மட்டையை முன்கூட்டியே உயர்த்தி வைத்துக்கொண்டு ஒரே வழியில் இறக்கினால் கனம் தடையாவதில்லை. தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் புதுப்பந்தை எதிர்கொள்ள அதே மட்டையை எடுத்துப் போனால் கதை வேறு.

மித வேகத்தில் காற்றிலும் தையலிலும் நகரும் பந்துக்கு நடுத்தர எடை போதும். நேரம் ஓரளவு கிடைக்கிறது. கடைசி நொடியில் திரும்பும் பந்தை விடுவதா ஆடுவதா என்று மாற்றிக்கொள்ள இடம் வேண்டும். முதல் பத்துப் பதினைந்து ஓவருக்கு மட்டையைத் தாமதமாக, உடம்புக்கு நெருக்கமாக ஆடுபவருக்கு அதன் பாரம் பெரிய பொருட்டாக இராது.

சுழற்பந்துதான் விவாதத்துக்குரியது. நேரம் தாராளம், எனவே கனமான மட்டையே சரி என்பது ஒரு கட்சி. சென்னைச் சேப்பாக்கத்தில் 1998 மார்ச்சில் நடந்தது இவர்களுக்குப் பிடித்த சான்று. ஆஸ்திரேலியாவுடனான அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் ஷேன் வார்னிடம் 4 ஓட்டத்தில் வீழ்ந்தார். இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155. லெக் ஸ்டம்புக்கு வெளியே சொரசொரத்துப்போன இடத்தில் விழுந்து திரும்பிய பந்துகளை, திரும்பும் திசைக்கு எதிராக மிட்விக்கெட் மேல் தூக்கி அடித்தார். அந்தக் கனத்த மட்டை பாதி வேலையைச் செய்தது என்று சொல்வது எளிது. ஆனால் தொடருக்கு முன் சென்னை வலைப்பயிற்சியில் முன்னாள் லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனை அதே இடத்தில் பந்து போடச் சொல்லி டெண்டுல்கர் ஆடிப் பழகியிருந்தார். அடியைத் தீர்மானித்தது பயிற்சி, தூரத்துக்குத்தான் எடை கைகொடுத்தது.

எதிர்க்கட்சியின் வாதம் நுணுக்கமானது. சுழலில் நேரம் கிடைப்பது பந்து தரையில் விழும் வரைதான். விழுந்து திரும்பிய பிறகு மிஞ்சும் நேரம் வேகப்பந்தில் மிஞ்சுவதைவிடப் பிரமாதமாக நீண்டதல்ல. ஸ்வீப் அடியில் மட்டை கிடையாகச் சுழலுகிறது, லேட் கட்டில் மணிக்கட்டு மட்டுமே வேலை செய்கிறது. தடுப்பாட்டத்தில் பந்து காலடியில் செத்து விழ வேண்டும். மோதல் நீடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், பிடியைத் தளர்த்துவது மட்டும் பந்தைச் சாகடிக்காது. படும் கணத்தில் மட்டை பின்வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இழுக்க லேசான மட்டை சுலபம். கனமான மட்டையில் பட்ட பந்து சில்லி பாயிண்ட் கைக்குப் போக வாய்ப்பு கூடுதல். சேப்பாக்கம் போன்ற தாழ்ந்து வரும் களங்களில் தரையோடு ஆடி ஒன்றும் இரண்டுமாகச் சேர்ப்பவருக்கு நடுத்தர எடையும், சற்றுக் கீழே இறங்கிய நல்ல இடமும் பொருந்தும். தூக்கி அடித்தே பிழைப்பவருக்கு நூறு கிராம் கூடுதலில் தப்பில்லை. இரண்டு கட்சியிலும் எதிர்க்கட்சியின் பக்கமே நியாயம் சற்று அதிகம். அடிக்கும் பந்துகளைவிடத் தடுக்கும் பந்துகளே ஓர் ஆட்டத்தில் அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள தோல் பந்துக்கு. போடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மேலே ஏலமலைச் சரிவுகளிலும் அன்றாடம் ஆடப்படுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட். கண்மாய் வற்றியதும் அதன் மணல் திடலாகிவிடும், பள்ளி மைதானம் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து ஆட்டங்களைச் சுமக்கும். சாதாரண டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், தோல் பந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. எவ்வளவு லேசான பந்தோ, அவ்வளவுக்கு மட்டையின் கூடுதல் எடையால் பயன் குறைவு. தோல் பந்தில் பத்து சதவீத எடைக்கு ஒன்றரை சதவீத லாபம் கிடைத்தது என்றால், டென்னிஸ் பந்தில் அது பாதிக்கும் கீழே போகிறது. வீச்சு வேகத்தில் நட்டமோ அப்படியேதான் இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த நட்சத்திரத்தின் மட்டை எடையை விசாரித்து, அதே எடையில் வாங்கிக் கண்மாயில் டென்னிஸ் பந்து அடிக்கும் இளைஞர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். டென்னிஸ் பந்துக்கென்று காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்யப்படும் மட்டைகளின் முதுகைக் குடைந்து எடுத்திருப்பது அழகுக்காக அல்ல. முகம் அகலமாகவே இருக்க, வேண்டாத சதை கழிகிறது.

டென்னிஸ் பந்துக்கு வேறு குணங்களும் உண்டு. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது அதன் தரவிதி. தோல் பந்து இதன் பக்கத்திலேயே வராது. எனவே குட்லெங்த் பந்துகூட இடுப்புக்கும் நெஞ்சுக்கும் ஏறும். மறுபுறம், லேசான உடம்பும் மேலே ரோமமும் இருப்பதால் காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், எவ்வளவு வேகமாகப் போட்டாலும் மட்டையாளரிடம் வரும்போது களைத்திருக்கும். பந்தின் வேகத்தைப் பயன்படுத்தி ஓட்டம் எடுப்பது இங்கு கடினம், மட்டையை வேகமாகச் சுழற்றியே ஆக வேண்டும். ஏறும் பந்து, சுழற்றியாக வேண்டிய கட்டாயம் இரண்டும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன: ஒரு கிலோவை ஒட்டிய எடை, நடுவில் உள்ள நல்ல இடம்.

இந்த ஆட்டத்தில் மட்டையாளரின் உண்மையான எதிரி யார்க்கர். எழும்பும் பந்தை அடித்துத் தள்ளுவார்கள் என்பதால் வீச்சாளர்கள் காலடியையே குறிவைக்கப் பழகுகிறார்கள். சேலம் அருகே சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த டி. நடராஜன், அந்த யார்க்கரோடு 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்கே வந்துவிட்டார். உயர்த்திய மட்டை கால்விரல் அருகே நேரத்துக்கு இறங்க வேண்டுமானால் அடிமுனை லேசாக இருக்க வேண்டும். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் விரல்வித்தைச் சுழலும் குறைவில்லை. சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் பந்துகள் அந்த ஆட்டத்தில் பிறந்தவைதான். கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பந்தைக் களத்தில் விழுந்த பிறகே ஆட வேண்டியிருக்கும் என்பதால் இங்கும் லேசான மட்டைக்கே சாதகம்.

கார்க் பந்துக்கு மாறும்போது இந்த டென்னிஸ் பந்து மட்டைகளை ஓரமாக வைத்துவிட வேண்டும். கல்லைப் போன்ற அந்தப் பந்து மெலிந்த விளிம்பைப் பிளந்துவிடும். அதற்கு ஒரு பழைய, தடித்த, 1,200 கிராம் காஷ்மீர் மட்டை தனியே இருப்பது நல்லது. சிமென்ட் தளத்தில் கயிற்று விரிப்பு போட்டுத் தோல் பந்து ஆடும் இடங்களில், துள்ளல் அதிகம் என்பதால் வேகப்பந்துக்குச் சொன்ன கணக்கையே சுழலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். விரிப்பில் ஆஃப் ஸ்பின்னர் பந்தும் இடுப்புக்கு வரும்.

போடியிலிருந்து மூணாறு சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம், போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. தோட்டப் பகுதியில் சமதரை அபூர்வம், எல்லைக்கோடு ஒரு பக்கம் மேட்டிலும் மறுபக்கம் பள்ளத்திலும் முடியும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. அதே அடி சில மீட்டர் கூடுதலாகப் போகும், பந்து காற்றில் வளைவதும் கொஞ்சம் குறையும். சிறிய திடலில், மெல்லிய காற்றில், தூரத்துக்காகக் கனத்த மட்டை எடுக்க எந்தக் காரணமும் மிச்சமில்லை. ஆனி ஆடியில் கணவாய் வழியாகக் கீழே இறங்கும் மேல்காற்றில் போடிப் பக்கம் நிலைமை வேறு. காற்றை எதிர்த்துத் தூக்கி அடிப்பவருக்கு எந்த எடையும் உதவாது, தரையோடு ஆடுவதே பிழைக்கும் வழி.

எடையைத் தேர்வதில் உடம்பைக் கேட்காமல் பந்தை மட்டும் கேட்பது ஆபத்து. கனமான மட்டையின் பாரம் முழங்கையிலும் கீழ் முதுகிலும் சேர்கிறது. 2004இல் டெண்டுல்கருக்கு வந்த முழங்கை வலி 2005இல் அறுவைச் சிகிச்சை வரை போனபோது அவருடைய மட்டையின் எடை நாடெங்கும் விவாதமானது. அவர் சின்ன வயதிலேயே கனத்த மட்டைக்குப் பழகியவர், அடியின் லயமே அதில் அமைந்திருந்தது. அதைப் பார்த்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பெரிய மட்டை வாங்கிக் கொடுத்து ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பது தவறான கணக்கு. தூக்க முடியாத மட்டையை இரு கைகளாலும் இழுத்து அடிக்கும் சிறுவனுக்கு நேர்மட்டை ஆட்டம் படிவதே இல்லை, எல்லாப் பந்தும் மிட்விக்கெட்டுக்குத்தான் போகும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பந்தே 133 முதல் 144 கிராம்தான், பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம். லேசான பந்துக்குக் கனமான மட்டையால் பலன் குறைவு என்ற கணக்கு இங்கும் பொருந்தும்.

கடையில் சோதிக்க ஒரே ஒரு முறை போதும். மேல் கையால் மட்டும், அதாவது வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால், மட்டையைப் பிடித்து நேர்மட்டை அடிக்கான பின்தூக்கலும் இறக்கமும் பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டும். முகம் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கினால், அல்லது முழங்கை தானாக மடங்கினால், அந்த மட்டை கனம். கடையில் இரண்டு தூக்கலில் எல்லா மட்டையும் லேசாகத்தான் தோன்றும். ஒவ்வொரு வீச்சாளருக்கும் ஒரு மட்டை என்று பை நிறைய வைத்துக்கொள்வது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். மற்றவர்கள் எந்தப் பந்தை அதிகம் சந்திக்கிறார்களோ அதற்கு ஏற்ற ஒன்றை எடுத்து, மீதியைப் பிடியை இறக்கிப் பிடித்தும் பின்தூக்கலைக் குறைத்தும் சமாளிக்கலாம். பிடியைக் கொஞ்சம் கீழே பிடிப்பது பிக்-அப்பைக் குறைப்பதற்குச் செலவில்லாத வழி.

வாங்கிய எடை அப்படியே நிற்பதில்லை என்பதையும் மலையடிவாரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். வில்லோ மரம் ஈரத்தை உறிஞ்சும். மட்டையின் மரம் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரத்தோடு விற்பனைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவமழையில் மேகத்துக்குள்ளேயே கிடக்கும் மலைவீட்டில் மாதக்கணக்கில் சாத்தி வைத்த மட்டையில் நான்கு சதவீத ஈரம் ஏறினால் முப்பது கிராமுக்கு மேல் கூடும், ஓர் அவுன்ஸ் கண்ணில் படாமல் வந்து சேர்ந்துகொண்ட கதை. ஈரத்தரையில் தட்டித் தட்டி அடிமுனை குடித்த தண்ணீர் அதைவிடக் கேடு, பிடியிலிருந்து மிகத் தொலைவில் ஏறும் கிராம் அது. ஆளிவிதை எண்ணெயைக் கை நிறைய ஊற்றுவதும் இதே பலனைத்தான் தரும், லேசாகத் தடவினால் போதும். வெயிலில் போட்டுக் காயவைத்தால் முகம் வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில், அடிமுனை தரையில் படாமல் வைக்க வேண்டும். சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் ஏலக்காய்த் தராசில் வைத்துப் பார்த்தால் மட்டை எவ்வளவு மழை குடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.